நாற்காலி போனால் நாடும் போகும்

கடல் கடந்த கல்வியாளர்கள் – 9

இரண்டாம் உலகப் போர் தொடங்குவதற்குச் சற்று முன்பு, அமெரிக்காவின் சின்சினாட்டி நகரிலுள்ள ஹீப்ரூ யூனியன் கல்லூரி, ஹிட்லரின் பிடியில் இருந்த யூத அறிஞர்கள் சிலரைத் தன்னிடம் ஆசிரியர்களாக வரும்படி அழைத்தது. கல்லூரியின் தலைவர் ஜூலியன் மார்கன்ஸ்டர்ன் முன்னின்று எடுத்த முயற்சி அது. அழைக்கப்பட்டவர்களில் ஒருவர் ஆர்தர் ஷ்பானியர். பெர்லினில் பிரஷ்ய அரசு நூலகத்தின் எபிரேய நூல் பிரிவைக் கவனித்துவந்தவர். பிறகு அதே நகரில் யூதவியலுக்கென்று இருந்த உயர்கல்வி நிறுவனத்தில் பாடம் நடத்தியவர். யூதர்கள் மீது ஏவப்பட்ட 1938 நவம்பர் வன்முறையின்போது அவரை வதைமுகாமில் அடைத்தார்கள். சின்சினாட்டி அழைப்புதான் அவரை வெளியே கொண்டுவந்தது. வேலை தயார், சம்பளம் தயார். அமெரிக்கத் தூதரகம் விசா கொடுத்தால் போதும்.

கொடுக்கவில்லை. அது ஏன் என்பதை விளங்கிக்கொள்ள 1924ஆம் ஆண்டின் அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்தைப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு நாட்டிலிருந்தும் ஆண்டுக்கு இத்தனை பேர்தான் வரலாம் என்று ஒதுக்கீடு வகுத்த சட்டம் அது. அதன் நான்காம் பிரிவில் ஒரு விலக்கு இருந்தது. மதகுருமாரும் கல்லூரி, பல்கலைக்கழகப் பேராசிரியர்களும் ஒதுக்கீட்டுக்கு வெளியே வரலாம். மனைவியையும் 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகளையும் அழைத்து வரலாம். முக்கிய நிபந்தனை ஒன்று. விண்ணப்பிப்பதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகள் இடைவிடாமல் அந்தத் தொழிலிலேயே இருந்திருக்க வேண்டும்.

சாதாரணக் காலத்தில் இது நியாயமான நிபந்தனையாகத் தோன்றும். ஆனால் 1933 ஏப்ரல் 7 அன்று ஹிட்லர் அரசு கொண்டுவந்த சட்டம், யூதர்களையும் அரசியல் எதிரிகளையும் அரசுப் பணியிலிருந்து நீக்கியது. ஜெர்மனியில் பல்கலைக்கழகப் பேராசிரியர் அரசு ஊழியர். துரத்தப்பட்டவர் மறுநாளே விண்ணப்பித்தால் உண்டு. ஊரிலேயே இருந்து நிலைமை மாறும் என்று காத்திருந்தவரிடம், தூதரக அதிகாரி ‘கடந்த இரண்டு ஆண்டாக எங்கே பாடம் நடத்தினீர்கள்?’ என்று கேட்கலாம். பாடம் நடத்த விடாமல் விரட்டியதுதானே அவர் நாட்டைவிட்டுக் கிளம்பக் காரணம்!

ஷ்பானியரின் கதை இதைவிடக் கொடியது. அவர் அடிப்படையில் நூலகர், பேராசிரியர் அல்ல என்றது தூதரகம். அவர் பாடம் நடத்திய நிறுவனத்தின் உயர்கல்வித் தகுதியை நாஜி அரசு 1934இல் பறித்து, அதை வெறும் போதனைக்கூடமாக இறக்கியிருந்தது. அந்தத் தரக்குறைப்பையே அமெரிக்க வெளியுறவுத் துறையும் எடுத்துக்கொண்டது. உயர்கல்வி நிறுவனம் அல்லாத இடத்தில் பணியாற்றியவர் பேராசிரியர் விலக்கில் வர முடியாது என்று வாதிட்டது. துன்புறுத்தியவன் போட்ட முத்திரையைப் புகலிடம் தர வேண்டிய நாடு சான்றாக ஏற்றது. இதை எத்தனை முறை படித்தாலும் எனக்கு மனம் ஆறுவதில்லை. ஷ்பானியர் ஹாலந்துக்குத் தப்பினார். அங்கும் நாஜிப் படை வந்தது. 1944இல் பெர்கன்-பெல்சன் முகாமில் இறந்தார்.

அதே அழைப்பைப் பெற்ற தத்துவ ஆசிரியர் ஆல்பர்ட் லெவ்கோவிட்ஸும் ஹாலந்தில்தான் காத்திருந்தார். 1940 மே மாதம் ராட்டர்டாம் நகரில் ஜெர்மானியர் குண்டு வீசியதில் அவருடைய ஆவணங்கள் அழிந்தன. ஜெர்மனியிலிருந்து புதிதாக வாங்கி வரும்படி அமெரிக்கத் தூதரகம் சொன்னது. அவர் உயிர் பிழைத்தது, பிறகு 1944இல் நடந்த கைதிகள் பரிமாற்றத்தில் பாலஸ்தீனம் போய்ச் சேர்ந்ததால்தான். அழைக்கப்பட்டவர்களில் ஆபிரகாம் ஜோஷுவா ஹெஷல் போன்றவர்கள் அமெரிக்கா போய்ச் சேர்ந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

இந்தப் பேராசிரியர் விலக்கு இந்தியர்களுக்கும் பொருந்தியது. 1917ஆம் ஆண்டின் அமெரிக்கக் குடியேற்றச் சட்டம் இந்தியாவைத் தடை செய்யப்பட்ட பகுதிக்குள் வைத்தது. இந்தியர் அமெரிக்கக் குடிமகன் ஆக முடியாது என்று 1923இல் பகத் சிங் திண்ட் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அப்படிப்பட்ட காலத்தில் சட்டம் விட்டுவைத்த மிகச் சில வழிகளில் இந்த விலக்கும் ஒன்று. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்ரமணியன் சந்திரசேகர் 1937இல் யெர்க்ஸ் வானாய்வகத்தில் சேர்ந்தபோது இந்தச் சட்டங்கள்தான் நடப்பில் இருந்தன. அவர் குடியுரிமை பெற்றது 1953இல்.

1952இல் குடியேற்றச் சட்டம் மாற்றி எழுதப்பட்டது. 1990இல் ஹெச்-1பி என்ற தற்காலிக வேலை விசா வகை பிறந்தது. இன்று அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் வேலைக்குச் சேரும் நம்மவர்களில் பலர் ஜே-1 அல்லது ஹெச்-1பி விசாவில்தான் சேர்கிறார்கள். ஹெச்-1பிக்கு ஆண்டு உச்சவரம்பு 65,000. அமெரிக்காவில் முதுநிலைப் பட்டம் பெற்றவர்களுக்கு மேலும் 20,000. கம்பெனிகள் இதற்காகக் குலுக்கலில் நிற்கின்றன. பல்கலைக்கழகங்களுக்கு 2000ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் உச்சவரம்பிலிருந்து விலக்கு தந்தது. அவை எந்த மாதமும் விண்ணப்பிக்கலாம்.

விண்ணப்பிப்பது பல்கலைக்கழகம்தான், நீங்கள் அல்ல. முதலில் தொழிலாளர் துறையிடம், ‘இந்தப் பதவிக்கு இந்த வட்டாரத்தில் நிலவும் சம்பளத்துக்குக் குறையாமல் தருகிறோம்’ என்று எழுதிக்கொடுத்துச் சான்று வாங்க வேண்டும். வேலை செய்யும் இடத்தில் அதை அறிவிப்பாக 10 நாள் ஒட்டி வைக்க வேண்டும். அதன்பின் ஐ-129 படிவம் குடியேற்றத் துறைக்குப் போகும். அதில் கையெழுத்திடுவதும் பல்கலைக்கழகமே. யாருடைய வாழ்க்கை அந்தத் தாள்களில் இருக்கிறதோ, அவருடைய கையெழுத்து அந்தப் படிவத்துக்குத் தேவையில்லை. அனுமதி ஒரு முறைக்கு மூன்று ஆண்டு, மொத்தம் ஆறு ஆண்டு. உச்சவரம்பு விலக்கும் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. கம்பெனி வேலைக்கு மாற நினைத்தால் மற்றவர்களோடு குலுக்கலில் நிற்க வேண்டும்.

வேலை போய்விட்டால் 60 நாள். 2017இல் வந்த விதி தரும் அதிகபட்ச அவகாசம் அதுதான். அதற்குள் இன்னொரு நிறுவனம் உங்களுக்காக விண்ணப்பிக்க வேண்டும். இல்லையென்றால் குடும்பத்தோடு கிளம்ப வேண்டும். விதியை எழுதியவர்கள் பல்கலைக்கழக நாட்காட்டியைப் பார்த்தார்களா என்பது என் நெடுநாள் கேள்வி. அமெரிக்காவில் உதவிப் பேராசிரியர் பணிக்கான விளம்பரம் பெரும்பாலும் இலையுதிர் காலத்தில் வரும். நேர்காணல் குளிர்காலத்தில். வேலையில் சேர்வது அடுத்த ஆகஸ்டில். மே மாதம் ஒப்பந்தம் முடிந்த ஒருவர் 60 நாளில் அடுத்த பேராசிரியர் பதவியைத் தேடிப் பிடிப்பது ஏறக்குறைய நடக்காத காரியம். போஸ்ட்டாக் ஆய்வாளர்களின் நிலை இன்னும் மோசம். அவர்கள் பதவி ஆராய்ச்சி மானியத்தில் தொங்குகிறது. 2025இல் அமெரிக்க அரசு ஏராளமான மானியங்களைப் பாதியில் நிறுத்தியபோது, சோதனைக்கூடத்தின் பண நெருக்கடி அப்படியே விசா நெருக்கடியாகவும் மாறியது.

அதே 2025 செப்டம்பரில் இன்னொரு இடி. நாட்டுக்கு வெளியே இருப்பவருக்காகப் புதிதாக ஹெச்-1பி கேட்டால் ஒரு லட்சம் டாலர் கட்ட வேண்டும் என்று அதிபர் டிரம்ப் அறிவித்தார். பல்கலைக்கழகங்களுக்கும் பொதுவான விலக்கு இல்லை. மாணவர் விசாவில் உள்ளேயே இருந்து மாறுபவர்களுக்கு இந்தத் தொகை கிடையாது என்று அக்டோபரில் விளக்கம் வந்தது. தேர்வுக் குழு முன்னால் இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒருவர் பாஸ்டனில், இன்னொருவர் திருச்சியில் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆராய்ச்சியின் தரம் எதுவாக இருந்தாலும், நிதி அலுவலகத்தின் விருப்பம் எந்தப் பக்கம் சாயும் என்று தெரிகிறது அல்லவா?

வேறு மாதிரியும் செய்யலாம் என்பதற்குப் பிரிட்டனின் குளோபல் டேலண்ட் விசா சாட்சி. 2020 பிப்ரவரியில் தொடங்கியது. ராயல் சொசைட்டி, பிரிட்டிஷ் அகாடமி போன்ற அமைப்புகள் ஒருவரின் புலமையை மதிப்பிட்டு ஒப்புதல் தருகின்றன. அனுமதி ஆளோடு சேர்ந்தது. பல்கலைக்கழகத்தை விட்டு விலகினாலும் விசா நீடிக்கும். கட்டணமும் ஆண்டுக்கு 1,035 பவுண்டு வீதம் சுகாதார வரியும் சேர்ந்து கையைக் கடிக்கும். ஆனாலும் துறைத்தலைவரின் முகம் பார்த்து வாழ வேண்டிய அவசியம் இல்லை.

அமெரிக்கப் பணியாணையில் கையெழுத்துப் போடப்போகிறவர்கள் ஒன்றைக் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்: கிரீன் கார்டு விண்ணப்பத்தை எப்போது தொடங்குவீர்கள்? கல்லூரி ஆசிரியர்களுக்கென்று ஒரு தனி வழி இருக்கிறது. மற்ற வேலைகளில், குறைந்தபட்சத் தகுதியுள்ள அமெரிக்கர் ஒருவர் இருந்தாலே வெளிநாட்டவருக்குக் கதவு மூடிவிடும். ஆசிரியர் பணியில், வந்தவர்களில் இவரே அதிகத் தகுதியுள்ளவர் என்று காட்டினால் போதும். ஆனால் தேர்வு செய்த நாளிலிருந்து 18 மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். தாமதித்தால் இந்தச் சலுகைக்காக மறுபடி விளம்பரம் கொடுத்துப் போட்டித் தேர்வு நடத்த வேண்டியிருக்கும். கிரீன் கார்டுக்கான இந்தியர்களின் வரிசை ஆண்டுக்கணக்கில் நீளும்போது, அதில் இடம் பிடிக்கும் தேதி ஒவ்வொன்றும் முக்கியம்.

கிரீன் கார்டில் ‘சிறந்த பேராசிரியர்’ என்ற இன்னொரு வகைக்கு மூன்று ஆண்டு கற்பித்தல் அல்லது ஆராய்ச்சி அனுபவம் வேண்டும். நம் ஊரில் வேலை பார்த்த காலமும் அதில் சேரும். பணியாற்றிய நிறுவனத்தின் கடிதம் இருந்தால். வேலையை விடுகிறவரின் அசல் சான்றிதழ்களையே பிடித்து வைத்துக்கொள்ளும் தனியார் கல்லூரிகள் இங்கே இருக்கின்றன. எந்தப் பாடம், எத்தனை மணி நேரம், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்று விவரமாக எழுதிய அனுபவச் சான்றை, உறவு நன்றாக இருக்கும்போதே, கல்லூரி லெட்டர்ஹெட்டில் முதல்வரிடம் வாங்கிவிடுங்கள்.

(அடுத்த வாரம்: 1933இல் ஜெர்மானியப் பேராசிரியர்களை வரவேற்ற இஸ்தான்புல் பல்கலைக்கழகம்)