கோட்டையும் சரித்திரப் பாடமும்

எங்கள் அவலூர்ப்பேட்டைப் பக்கத்து மாணாக்கன் ஒருவனிடம், "தேசிங்குராஜன் மாண்ட ஆண்டு எது?" என்று வினவுங்கள். "1714" என்று தயங்காமல் விடையிறுப்பான். பரீட்சைக்கு அவ்வளவு போதும். "போர் ஏன் மூண்டது?" என்றாலோ, பிள்ளை விழிப்பான்.

இத்தனைக்கும் செஞ்சிக் கோட்டை எங்கள் அண்டையிலேயே நிற்கின்றது. தேசிங்கின் கதைப்பாடலும் இப்பக்கத்தில் வழங்கி வருவதே. அதில் அவன் நண்பன் மோவுத்துக்காரன் மணக்கோலத்தைத் துறந்து போர்க்களம் புகுகின்றான். சரித்திர நூலோ ஆர்க்காட்டு நவாப் சாதத்துல்லாகான் கேட்ட கப்பப் பாக்கியைப் பேசுகின்றது. இவ்விரண்டையும் அருகருகே வைத்து, எதற்குச் சான்று உண்டு, எது மக்கள் மனத்தில் விளைந்தது என்று மாணாக்கரையே ஆராயச் செய்தல் வேண்டும். சரித்திரப் பாடம் என்பது அதுவே.

1943-ல் ஸி. எஸ். சீனிவாசாச்சாரியார் செஞ்சியின் சரித்திரத்தை ஆங்கிலத்தில் விரிவாக எழுதி வெளியிட்டார். 2025-ல் யுனெஸ்கோ, மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டனுள் ஒன்றாக இதனை உலகப் பாரம்பரியப் பட்டியலிற் சேர்த்தது. உலகம் போற்றும் கோட்டையை உள்ளூர்ப் பிள்ளை வெறும் ஆண்டுக் கணக்காக அறிதல் தகுமா? வகுப்பில் காரணம் கேட்கப் பழகியவனே, நாளை தன் காதில் விழும் எதனையும் சீர்தூக்கிப் பார்க்கும் சுதந்திர நாட்டுக் குடிமகனாவான்.