டீசல் வாகனத்தின் கரி வடிகட்டியை உடைத்து எறியலாமா?

கடந்த மாதம் எனது டபல் கெப் வாகனத்தில் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது. கராஜில் காட்டினேன்.

"சேர், புகைக் குழாயில இருக்கிற பில்டர் அடைச்சிருக்கு. உள்ளுக்கிருக்கிறத உடைச்சு எடுத்தா இனிக் கரைச்சல் இல்ல" என்றார் அந்தத் தம்பி.

"அப்ப அந்தக் கரி எங்க போகும்?"

"வெளியதான் சேர்" என்று சிரித்தார்.

அந்தப் பதில்தான் என்னை யோசிக்க வைத்தது.

இந்த வடிகட்டி தேன்கூடு போன்ற ஒரு மட்பாண்டப் பொருள். புகை அதன் நுண்துளைச் சுவர்களினூடாக வெளியேற, கரித்துகள் உள்ளே தங்கிவிடும். தங்கிய கரியை வாகனமே எரித்துக்கொள்ளும். சேர்ந்த அளவு கூடும்போது, இயந்திரம் மேலதிகமாகச் சிறிது டீசலைச் செலுத்தி, வடிகட்டியின் வெப்பத்தைச் சுமார் 600 பாகை செல்சியஸுக்கு உயர்த்தும். கரி எரிந்து வாயுவாகிவிடும்.

இதற்குத் தொடர்ச்சியான ஓட்டம் வேண்டும். வீட்டிலிருந்து பாடசாலைக்கு எனக்கு மூன்று கிலோமீற்றர்தான். புகைக்குழாய் சூடாகும் முன்னே இயந்திரத்தை நிறுத்திவிடுவேன். கரி எரிய நான் இடமே கொடுக்கவில்லை. பழுது வாகனத்தில் அல்ல, எனது பாவனையில்தான்.

மறுநாள் மாலை அக்கரைப்பற்றிலிருந்து பொத்துவில் நோக்கிப் புறப்பட்டேன். நெரிசலற்ற இடத்தில் 60 கிலோமீற்றருக்குக் குறையாமல், ஒரு கியர் குறைத்து, இருபது நிமிடங்களுக்கு மேல் ஓடினேன். விளக்கு அணைந்துவிட்டது. இப்போது வாரம் ஒருமுறையாவது அப்படி ஓடுகிறேன்.

கவனிக்க வேண்டியவை சில உண்டு. வாகனத்தை நிறுத்தும்போது விசிறி பலமாகச் சுற்றி, சூட்டு வாடை வந்தால் எரிப்பு நடக்கிறது என்று பொருள். இயலுமானால் இன்னும் சற்றுத் தூரம் ஓடுங்கள். அந்நேரம் காய்ந்த புல்லின் மேல் நிறுத்த வேண்டாம். இயந்திர எண்ணெய், கையேட்டில் சொல்லப்பட்ட குறைந்த சாம்பல் வகையாகவே இருக்கட்டும். ஏனெனில் கரி எரியும், எண்ணெயிலிருந்து வரும் சாம்பல் எரியாது. அது நிறைந்தால் வடிகட்டியைக் கழற்றிச் சுத்தம் செய்யத்தான் வேண்டும். கந்தகம் குறைந்த சுப்பர் டீசல் இதற்கு நல்லது. விளக்கு மினுங்கினாலோ, இழுவை குறைந்தாலோ ஓட்டிப் பார்க்காமல், கணினிக் கருவியால் கரியை எரிக்கத் தெரிந்த கராஜுக்குக் கொண்டு செல்லுங்கள்.

டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கும் என உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2012இல் அறிவித்தது. பாடசாலை விடும் நேரத்தில் வாயிலருகே நின்று பாருங்கள். இயந்திரத்தை நிறுத்தாத வாகனங்களின் வரிசை. முதலாம் தரப் பிள்ளையின் முகம் புகைக்குழாய்க்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது!

வடிகட்டியை உடைத்தால் நமது செலவு குறையும். அந்தக் கரியோ பிள்ளைகளின் நெஞ்சுக்குள் போகும். வாரத்தில் அரை மணி நேர ஓட்டம் அதைவிடப் பெரிய செலவா?