கூலிக்காக நாற்காலியை விட்டவர்

உளுந்து, பருத்தி வெள்ளாமை முடிந்துவிட்டால் இடைசெவல் போன்ற மானாவாரிக் கரிசல் ஊர்களில் காட்டுவேலை ஓய்ந்துவிடும். நிலமில்லாத தலித் பெண்களுக்குக் கோடையில் கைகொடுத்தது நூறு நாள் வேலை. ஆனால் 2005-ஆம் ஆண்டின் அந்தச் சட்டத்திலேயே ஒரு ஓட்டை இருந்தது. குறைந்தபட்சக் கூலிச் சட்டம் என்ன சொன்னாலும், மத்திய அரசு தனியாகக் கூலி நிர்ணயிக்கலாம் என்றது பிரிவு 6(1).

இதை உள்ளிருந்தே எதிர்த்தவர் அருணா ராய். சென்னையில் பிறந்தவர், ஐ.ஏ.எஸ். பதவியை உதறிவிட்டு ராஜஸ்தான் கூலித் தொழிலாளர்களோடு நின்றவர். சோனியா காந்தி தலைமையிலான தேசிய ஆலோசனைக் குழுவில் உறுப்பினராக இருந்தார். குறைந்தபட்சக் கூலி கொடுங்கள் என்று அக்குழு பரிந்துரைத்தது. பிரதமர் மன்மோகன் சிங் ஏற்கவில்லை. 2011-இல் கர்நாடக உயர் நீதிமன்றம் தொழிலாளர் பக்கம் தீர்ப்பளித்தது. அரசு மேல்முறையீட்டுக்குப் போனது. உச்ச நீதிமன்றம் தடை தர மறுத்த பிறகும் அந்தக் கூலி வரவில்லை.

2013 மே மாதம், தனக்கு மறுநியமனம் வேண்டாம் என்று சோனியாவுக்கு எழுதிய அருணா ராய், அரசின் இந்தப் போக்கை வெளிப்படையாகவே கண்டித்தார்.

அவர் கேட்டது சலுகை அல்ல. ராஜஸ்தானின் ஹர்மாரா பஞ்ச நிவாரணச் சாலைப் பணி வழக்கில், குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுப்பது அரசியல் சாசனம் தடைசெய்த கட்டாய உழைப்பு என்று உச்ச நீதிமன்றம் 1983-லேயே சொல்லிவிட்டது. அந்தச் சாலையில் கூலி கேட்டு முன்னின்றவர் நௌர்த்தி பாய் என்ற தலித் பெண்.

அரசுக் குழுக்களில் நம் பெயரால் உட்கார்ந்திருப்போரிடம் நாம் கேட்க வேண்டியது இதுதான்: உங்கள் பரிந்துரையை அரசு தள்ளியபோது, அதை ஊரறியச் சொன்னீர்களா?