மலிவு விலைப் பாட்டுக் கருவி: வாங்கியவர்கள் கண்டது



சட்டைப் பையில் அடங்கும் பாட்டுக் கருவி தோட்டப்புறத்துக்குப் புதிதன்று. 1979ஆம் ஆண்டு ஜூலை மாதம் ஜப்பானில் சோனி நிறுவனம் வாக்மேன் என்னும் சிறு கேசட் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதைப் பார்த்துச் செய்த மலிவான கருவிகள் பின்னர் நம் லயங்களுக்கும் வந்து சேர்ந்தன. அவை நாடாவைத் தின்னும். பேட்டரி இறங்கினால் பாடகரின் குரல் இழுக்கும். ஆயினும் பழுது கண்ணுக்குத் தெரிந்தது. பென்சிலை நுழைத்து நாடாவைச் சுற்றிக்கொண்டோம். 1998ஆம் ஆண்டில் நாடாவே இல்லாத எம்.பி.3 கருவி கடைக்கு வந்தது. இதில் பழுதும் தெரிவதில்லை, ஏமாற்றும் தெரிவதில்லை. இதனை வாங்கிய சிலருடைய அனுபவத்தை இன்று சொல்ல விரும்புகிறோம்.

கைத்தொலைபேசியிலேயே பாட்டுக் கேட்கலாமே, தனிக் கருவி எதற்கு என்று கேட்பீர்கள். பிள்ளையின் கையில் தொலைபேசியைக் கொடுக்க அஞ்சும் பெற்றோர் இருக்கின்றனர். தொடுதிரை பழகாத பாட்டிமார் இருக்கின்றனர். செம்பனைக் காட்டுக்கு நடுவில் அலைவரிசை எட்டாத வீடுகளும் இருக்கின்றன. ஆகவே இரவுச் சந்தையில் முப்பது நாற்பது வெள்ளிக்குக் கிடைக்கும் இந்தச் சிறு கருவியை வாங்குகிறார்கள். அதில் தவறொன்றும் இல்லை.

நம் பள்ளி மாணவி ஒருத்தியின் தாயார் 2022ஆம் ஆண்டு தீபாவளிக்கு முன் 35 வெள்ளி கொடுத்து ஒரு கருவி வாங்கினார். பெட்டியின்மேல் 64 ஜிபி என்று அச்சிட்டிருந்தது. அவருடைய வயதான தாயார் பால்மரம் வெட்டிய காலத்தில் பாடிய பாட்டுகளையும் தாலாட்டையும், ஏழு பாட்டு, தம் தொலைபேசியில் பதிவு செய்து வைத்திருந்தார். தொலைபேசியில் இடம் நிறைந்துவிட்டது. “சார், இதை அந்தப் பெட்டிக்கு மாத்திக் கொடுங்க” என்று கேட்டார். பள்ளிக் கணினியில் வைத்து மாற்றிக் கொடுத்தவர்கள் நாமே. ஏற்கெனவே அதில் அவர் மகன் ஏற்றி வைத்திருந்த சினிமாப் பாட்டு அறுநூறு இருந்தது. ஏழு பாட்டின் பெயரும் பட்டியலில் வந்ததைப் பார்த்துவிட்டு, தொலைபேசியில் இருந்ததை அழித்தவர்களும் நாமே. போட்டுக் கேட்கவில்லை.

மூன்று மாதம் கழித்து அந்தப் பாட்டி இறந்துபோனார். பதினாறாம் நாள் காரியத்தின்போது பாட்டைப் போட எடுத்தார்கள். மறுநாள் அந்த அம்மா பள்ளிக்கு வந்தார். “சார், பேரு இருக்கு, பாட்டு வரல” என்றார். அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை.

நடந்தது என்ன? கருவிக்குள் பாட்டைச் சேமிக்கும் நினைவகச் சில்லு ஒன்று உண்டு. அதனை ஆளும் இன்னொரு சிறு சில்லும் உண்டு. எவ்வளவு இடம் இருக்கிறது என்று கணினி கேட்டால் பதில் சொல்வது இந்த ஆளும் சில்லுதான். ஏமாற்றுக்காரர்கள் இதனைத் திருத்தி, இரண்டு ஜிபி இருக்கும் இடத்தில் 64 என்று சொல்ல வைத்துவிடுகிறார்கள். நமக்குப் புரியும்படி சொல்வதானால், லயத்தில் இருப்பது இரண்டு வீடு. கிராணியின் பதிவேட்டில் 64 வீடு. மூன்றாவது குடும்பம் வந்தால் கிராணி மறுப்பதில்லை. பெயரை எழுதிக்கொண்டு வீட்டு எண்ணையும் கொடுத்துவிடுகிறார். போய்ப் பார்த்தால் வீடு இல்லை. சில கருவிகளில் இதைவிட மோசம்: புதிதாக வந்தவரைக் குடியேற்ற முன்பே இருந்தவரைத் தெருவில் தள்ளிவிடும். அதனால்தான் பெயர் பட்டியலில் நிற்கிறது, பாட்டு வருவதில்லை.

ஒரு சிறு கணக்கு. சாதாரணத் தரத்தில் பதிந்த எம்.பி.3 பாட்டு, ஐந்து நிமிடம் ஓடினால் ஏறக்குறைய ஐந்து எம்பி பிடிக்கும். ஆகவே ஒரு ஜிபியில் இருநூறு பாட்டு. இரண்டு ஜிபியில் நானூறு. அறுநூறு பாட்டு ஏறிய அந்தக் கருவியில், பாட்டியின் குரல் போய்ச் சேருவதற்கு முன்பே வீடு நிறைந்துவிட்டது. 64 ஜிபி உண்மையாயின் பன்னிரண்டாயிரம் பாட்டுக்கு மேல் கொள்ளும். அத்தனை பாட்டை யார் ஏற்றிப் பார்க்கப் போகிறார்கள்? வாங்குபவர் நூறு பாட்டோடு நிறுத்திக்கொள்வார், பொய் வெளியே வராது என்பதுதான் அவர்கள் கணக்கு.

ஒன்றை இங்கே சொல்லிவிட வேண்டும். 16 ஜிபி என்று வாங்கிய கருவியைக் கணினியில் சொருகினால் 14.9 என்று காட்டக்கூடும். இதற்காகக் கடைக்காரரோடு சண்டைக்குப் போன ஒரு தகப்பனாரை நாம் அறிவோம். அது ஏமாற்று அன்று. தயாரிப்பவர் ஆயிரம் ஆயிரமாகப் பெருக்கி எண்ணுகிறார்; கணினி 1,024ஆல் பெருக்கி எண்ணுகிறது. அளவுகோல் வேறு, அவ்வளவுதான்.

சோதிப்பது எப்படி? வாங்கிய அன்றே, அல்லது மறுநாளே, கணினி உள்ள ஒருவரிடம் கொண்டுபோய்க் கருவி நிறையும்வரை பாட்டுகளை ஏற்றுங்கள். படக்கோப்புகளையும் ஏற்றி நிரப்பலாம். பிறகு கழற்றி மறுபடி சொருகி, முதலில் ஏற்றியதையும், நடுவில் ஏற்றியதையும், கடைசியில் ஏற்றியதையும் போட்டுக் கேளுங்கள். பெயரைப் பார்ப்பது போதாது. சில கருவிகளில் நினைவக அட்டையைத் தனியாகச் சொருகுவார்கள். அட்டையிலும் இதே பொய் உண்டு. அதையும் இப்படியே சோதிக்க வேண்டும்.

பொய் வெளிப்பட்டால் என்ன செய்வது? அந்த அம்மாவோடு நாமும் இரவுச் சந்தைக்குப் போனோம். அந்த இடத்தில் வேறொருவர் காலணி விற்றுக்கொண்டிருந்தார். ரசீது இல்லை, விற்றவர் பெயர் இல்லை, 35 வெள்ளி போனது போனதுதான். ஆனால் அதே ஆண்டில் பட்டணத்துக் கடையில் ரசீதோடு வாங்கிய வேறொரு குடும்பத்துக்கு வேறு விதமாக முடிந்தது. அந்தக் கடையில் “விற்ற பொருள் திரும்ப எடுக்கப்படமாட்டாது” என்ற பலகை தொங்கியது. கடைக்காரர் அதைக் காட்டினார். நம் நாட்டில் 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. விற்கும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும், சொன்ன விவரத்துக்கு ஒத்திருக்க வேண்டும் என்கிறது அச்சட்டம். 64 என்று எழுதி இரண்டைக் கொடுப்பது விவரத்துக்கு ஒத்ததாகுமா? பலகை எழுதித் தொங்கவிட்டு அந்த உரிமையை நீக்கிவிட முடியாது. மாணவனின் தந்தை இதனைப் பொறுமையாக எடுத்துச் சொன்னார். கடைக்காரர் சற்று நேரம் முணுமுணுத்துவிட்டுப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

கொடுக்கவில்லையென்றால், பயனீட்டாளர் உரிமைக் கோரிக்கைக்கென்று தனித் தீர்ப்பாயம் உண்டு. மனுக் கட்டணம் ஐந்து வெள்ளி. அங்கே வழக்கறிஞர் வைத்து வாதாட முடியாது. ஆகவே நம்மிடம் வழக்கறிஞர் இல்லையே என்று கவலைப்பட வேண்டியதில்லை. 2019இல் செய்த திருத்தத்தின்படி 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை அது விசாரிக்கலாம். மூன்று ஆண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும். 35 வெள்ளிக்காக ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் போவதா என்பது நியாயமான கேள்விதான். போகாவிட்டாலும், போக முடியும் என்று தெரிந்து பேசுகிறவரிடம் கடைக்காரர் வேறு மாதிரிப் பேசுகிறார். இதனை நாம் நேரில் கண்டோம்.

மலிவுக் கருவிகளில் பேட்டரியும் பார்க்கவேண்டியது. உள்ளே இருப்பது பெரும்பாலும் லித்தியம் பேட்டரி. தலையணைக்கு அடியில் வைத்து இரவெல்லாம் மின்னேற்ற வேண்டாம். கருவி உப்பிக்கொண்டு மூடி விலகினால் உடனே பயன்படுத்துவதை நிறுத்துங்கள். குத்திப் பார்ப்பதும் அழுத்திப் பார்ப்பதும் தீப்பிடிக்க வழி.

காதைப் பற்றியும் சொல்ல வேண்டும். உலகச் சுகாதார நிறுவனம், பெரியவர்களுக்கு 80 டெசிபல் ஒலியை வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம் என்றும், பிள்ளைகளுக்கு 75 டெசிபல்தான் என்றும் அளவு சொல்லியிருக்கிறது. ஒலி மூன்று டெசிபல் கூடினால் கேட்கும் நேரம் பாதியாகக் குறைய வேண்டும். அப்படியானால் 90 டெசிபலில் பெரியவருக்கே வாரம் நான்கு மணி நேரம்தான். மலிவுக் கருவியில் டெசிபல் காட்டும் முள் கிடையாது. பிள்ளை இயர்போன் மாட்டியிருக்கும்போது பக்கத்தில் நின்று சாதாரணக் குரலில் கூப்பிட்டுப் பாருங்கள். திரும்பவில்லையென்றால் ஒலி அதிகம். செம்பனை வெட்டும் இடத்தில் இயர்போன் மாட்டும் இளைஞர்களிடம் நாம் கோபித்துக்கொள்வதுண்டு. மேலிருந்து மட்டை விழும்போது “டேய், தள்ளு!” என்று கத்துவது காதில் விழ வேண்டாமா?

பாட்டியின் ஏழு பாட்டு என்னவாயிற்று என்று கேட்பீர்கள். தொலைபேசியில் அழித்ததை மீட்கப் பட்டணத்தில் ஒருவரிடம் கொடுத்துப் பார்த்தோம். மூன்று மாதத்தில் புதிய படங்கள் அந்த இடத்தில் ஏறிவிட்டன, ஒன்றும் கிடைக்கவில்லை. பிறகு அந்த அம்மாவுக்கு நினைவு வந்தது: ஜொகூரில் இருக்கும் தம்பிக்கு முன்பொருமுறை இரண்டு பாட்டை அனுப்பியிருந்தார். அவர் அழிக்காமல் வைத்திருந்தார். அந்த இரண்டும் இப்போது தம்பியின் தொலைபேசியிலும், அக்காவின் தொலைபேசியிலும், பள்ளிக் கணினியிலும் இருக்கின்றன. மூன்றிலும் போட்டுக் கேட்டுவிட்டோம்.