பன்னிரண்டு சாவும் ஒரு பட்டியலும்

சென்ற விடுமுறையில் கொரிய நாட்டுத் தொலைக்காட்சித் தொடர் ஒன்றைக் கைப்பேசியில் பார்த்தேன். 'டெத்ஸ் கேம்' என்பது அதன் பெயர். 2023 டிசம்பரிலும் 2024 ஜனவரியிலும் எட்டுப் பகுதிகளாக வெளிவந்தது. ஏழாண்டுகள் வேலை தேடிச் சலித்த சோய் யி-ஜே என்னும் இளைஞன் தன் உயிரை மாய்த்துக்கொள்கிறான். சாவு பெண்ணுருவில் அவன்முன் தோன்றி, தன்னை அற்பமாக எண்ணிவிட்டான் என்று சினக்கிறது. விரைவில் சாகவிருக்கும் பன்னிரண்டு பேரின் உடல்களில் ஒவ்வொன்றாக அவனைப் புகுத்துகிறது. எந்த உடலில் சாவைத் தப்புகிறானோ, அந்த வாழ்வு அவனுக்கே சொந்தம். இடையில் கொலையும் துரத்தலும் அளவுக்கு மிஞ்சிவிட்டன என்பது என் கருத்து. ஆனால் பன்னிரண்டாவது உடல் அவனைப் பெற்ற தாயுடையது. உயிரின் அருமையை அவன் அறிவது அங்கேதான்.

தொடர் முடிந்தபோது இரவு மணி இரண்டு. பக்கத்தில் அம்மா உறங்கிக்கொண்டிருந்தார். விடிந்தால் பட்டாசு ஆலை வண்டி வந்துவிடும். அங்கே அவருக்குச் சரம் பின்னும் வேலை.

உயிருக்கு விலையே இல்லை என்று பேச்சுப் போட்டியில் முழங்கிக் கைதட்டல் பெறலாம். எங்கள் வெம்பக்கோட்டைப் பக்கம் அப்படிச் சொல்லிவிட முடியாது. 17-2-2024 அன்று இராமுதேவன்பட்டியில் நடந்த வெடிவிபத்தில் பத்துப் பேர் மாண்டனர். இறந்தவர் குடும்பத்துக்கு 3 இலட்சம் ரூபாய் என அரசு அறிவித்தது. அது நிவாரணம். சட்டப்படியான இழப்பீடு வேறு.

அதன் கணக்கை 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் வகுத்தது. 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் அதே முறையையே ஏற்றது. மாதக் கூலியில் பாதியை எடுத்து, வயதுக்குரிய ஓர் எண்ணால் பெருக்கவேண்டும். அந்த எண் 20 வயதுக்கு 224; 45 வயதுக்கு 169.44, 60 வயதுக்கு 117.41. இருபது வயதினன் அறுபதுவரை உழைத்தால் 480 மாதங்கள் ஆகுமே, 224 ஏன்? மொத்தமாகக் கைக்கு வரும் பணம் வட்டி ஈட்டும் அல்லவா, அதைக் கழித்துவிடுகிறார்கள். ஆக, சட்டம் அளப்பது உயிரையன்று, நின்றுபோன கூலியை.

இதைவிட வியப்பு ஒன்றுண்டு. இறந்தால் கூலியில் 50 விழுக்காடு. இரு கண்ணும் இழந்து உழைக்க இயலாதவராகிப் பிழைத்துக் கிடந்தால் 60 விழுக்காடு. செத்தவனைவிடப் பிழைத்தவனுக்கு மதிப்பு அதிகம் என்று யி-ஜேயிடம் சாவு சொல்வதைப் போலிருக்கிறது. காரணம் எளிது: பிழைத்தவர் சாப்பிடவேண்டும்.

2020இல் கூலி வரம்பு 15,000 ரூபாய் என்றானது. அதன்படி என் வயதில் 16,80,000 ரூபாய். அம்மாவுக்கு 45, 12,70,800 ரூபாய். இதுவரை ஒரு ரூபாயும் சம்பாதிக்காத நான், என்னைப் படிக்கவைப்பவரைவிட 4,09,200 ரூபாய் உயர்ந்தவன்! தொடரில் கடைசி வரிசையில் வைக்கப்பட்ட தாய்க்கு இந்தப் பட்டியலில் இடமே வேறு.

காலையில் அம்மாவிடம் இதைப் படித்துக் காட்டினேன். தூக்குவாளியை மூடிக்கொண்டே கேட்டார்:

"ஏய்யா, மாசம் பதினஞ்சாயிரம்னு எவன் எழுதி வச்சிருக்கான்? மழை பெஞ்சா வேலையே கிடையாது. எட்டாயிரம்னு போடு."

போட்டேன். 6,77,760 ரூபாய் வந்தது. சொல்வதற்குள் வண்டி ஒலி கேட்டு அவர் தெருமுனைக்குப் போய்விட்டார்.