கட்டிக்குள் ஓய்ந்த காவலர்

நம் குருதியிலுள்ள வெள்ளணுக்கள் உடலின் காவலர்கள். அவை புற்றுநோய்க் கட்டிக்குள்ளும் புகுகின்றன. புகுந்தும் பலவேளை வாளாவிருப்பது ஏன்?

1889ஆம் ஆண்டில் லண்டன் மருத்துவர் ஸ்டீபன் பேஜட், பரவும் புற்றை விதைக்கும், அது வேரூன்றும் உறுப்பை நிலத்துக்கும் ஒப்பிட்டார். அந்நிலத்தின் இயல்பே இன்றைய ஆராய்ச்சிப் பொருள். கட்டியைச் சூழ்ந்த இடத்தில் உயிர்வளி குறைவு, அமிலம் மிகுதி. நோயை விழுங்க வேண்டிய அணுக்களையே கட்டி தன்வயமாக்கி, தனக்கு உணவூட்டும் குருதிக் குழாய்கள் வளரத் துணையாக்கிக் கொள்கிறது. போரிடும் டி அணுக்களின் மேலுள்ள ‘பி.டி.-1’ என்னும் தடையை இயக்கி, அவற்றை ஓயச் செய்கிறது.

இத்தடையை 1992இல் ஜப்பானியரான ஹோஞ்சோ குழுவினர் கண்டனர். இத்தகைய மற்றொரு தடையை விலக்கியதும் எலிகளில் கட்டி கரைவதை 1996இல் அமெரிக்கரான ஆலிசன் குழுவினர் காட்டினர். இவ்விருவரும் 2018இல் நோபெல் பரிசு பெற்றனர்.

தடைநீக்கும் மருந்துகள் சிலருக்கு நெடுவாழ்வு அளிக்கின்றன, பலருக்குப் பயன்படுவதில்லை. தளை நீங்கிய காவலர் சிலவேளை உடலையே தாக்குவதும் உண்டு. எவருக்கு எது பொருந்தும் என்பதை அறியவே ஆய்வாளர் உழைக்கின்றனர். கட்டியிலிருந்து சிறு துணுக்கெடுக்க மருத்துவர் கேட்கையில் அஞ்சி மறுப்போர் உளர். அன்பர்களே, அகத்தே நிகழும் போரை மருத்துவருக்கு உரைப்பது அத்துணுக்கே.