மே மாதத்தில் வேலூர் கோட்டைக்கா? போகலாம், ஆனால் காலையில்!

“லீவு விட்டாச்சு, எங்கேயாவது கூட்டிட்டுப் போங்க” என்ற நச்சரிப்பு ஏப்ரல் கடைசியிலேயே தொடங்கிவிடும். ஊட்டி, கொடைக்கானல் என்றால் இ-பாஸ், டிராஃபிக், அறை வாடகை. மால் என்றால் பாப்கார்னுக்கே பர்ஸ் காலி. சென்னையிலிருந்து சுமார் 140 கிலோமீட்டரில், நுழைவுக் கட்டணமே இல்லாமல், 133 ஏக்கரில் ஒரு கோட்டை இருக்கிறது. சுற்றிலும் அகழி, உள்ளே புல்வெளி, மரங்கள், ஒரு கோயில், அருங்காட்சியகங்கள். ஒரே சிக்கல்: அது வேலூரில் இருக்கிறது. கோடையில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும் ஊர்களின் பட்டியலில் அடிக்கடி வரும் பெயர்.

அதனால் கேள்வி ‘போகலாமா’ என்பதல்ல, ‘எப்போ போகலாம்’ என்பதுதான்.

ஏன் மாலை வேண்டாம்?

பெரும்பாலான குடும்பங்கள் “வெயில் தாழட்டும்” என்று மாலை 4.30, 5 மணிக்குத்தான் கிளம்புகின்றன. கடற்கரைக்கு அது சரி. கருங்கல் கோட்டைக்குச் சரிப்படாது. பகல் முழுக்க வெயிலை வாங்கி வைத்த கல், சூரியன் இறங்கிய பிறகும் அந்தச் சூட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். சுவர் ஓரமாக நடந்தால் அடுப்பங்கரையில் நிற்பது போலத்தான். இரவெல்லாம் ஆறிய அதே கல், விடியற்காலையில் கை வைத்தால் சில்லென்று இருக்கும். அதனால் காலை 6.30 மணி வாக்கில் உள்ளே போய், 10 மணிக்குள் திறந்தவெளியை முடித்துவிடுங்கள்.

முதலில் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குப் போய்விடுவது நல்லது. பக்தி ஒரு காரணம் என்றால், பாதம் இன்னொரு காரணம். 11 மணிக்குக் கல் தரையில் வெறுங்காலோடு குழந்தையை நடக்கவிட்டால், அதற்குப் பிறகு அன்றைய டூர் அவ்வளவுதான். கல்யாண மண்டபத்தின் யாளித் தூண்களை நின்று நிதானமாகப் பாருங்கள். பிள்ளைகளிடம் பேப்பர், பென்சில் கொடுத்து, பிடித்த ஒரு யாளியை வரையச் சொல்லுங்கள். போனில் எடுக்கும் 40 படங்களைவிட அந்த ஒரு கோணல் படம் ரொம்ப நாள் இருக்கும். நெடுங்காலம் மூலவர் இல்லாமல் இருந்த கோயில் இது. 1981-ல்தான் சத்துவாச்சாரியிலிருந்து லிங்கம் கொண்டுவரப்பட்டு மீண்டும் வழிபாடு தொடங்கியது.

அகழியில் முதலை இருந்ததா?

16-ம் நூற்றாண்டில், விஜயநகரப் பேரரசின் கீழிருந்த நாயக்கர்கள் காலத்தில் எழுந்த கோட்டை இது. அகழியில் ஆயிரக்கணக்கில் முதலைகளை வளர்த்தார்கள் என்று ஊரில் ஒரு கதை உண்டு. முதலைக் கதையைச் சொல்லுங்கள், குழந்தைகள் அதை விடவே மாட்டார்கள். அப்படியே ஒரு கேள்வியும் கேளுங்கள்: “இவ்ளோ பெரிய அகழி இருக்கே, அப்புறம் எதுக்கு ரெண்டு சுவர்?” வெளியே தாழ்ந்த சுவர், உள்ளே உயர்ந்த சுவர். முதல் சுவரைத் தாண்டி வருகிறவன், இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு மேலிருந்து வரும் தாக்குதலுக்கு இலக்காவான். இதை வகுப்பறையில் படம் போட்டு விளக்குவதைவிட, அங்கே நின்று கையைக் காட்டினாலே போதும்.

அகழி விளிம்பில் செல்ஃபி வேண்டாம். தண்ணீர் குறைந்திருந்தாலும் ஆழம் வெளியே தெரியாது.

1806-ஐ எட்டு வயதுக் குழந்தைக்கு எப்படிச் சொல்வது?

இந்தக் கோட்டைக்கு வந்துவிட்டு இதைச் சொல்லாமல் திரும்பினால், பார்க்குக்குப் போனதாகத்தான் கணக்கு. ‘முதல் சுதந்திரப் போர்’ என்று ஆரம்பித்தால் குழந்தை கொட்டாவி விடும். தலைப்பாகையிலிருந்து ஆரம்பியுங்கள்.

கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் புதிய விதிகள் வருகின்றன. நெற்றியில் திருநீறு, நாமம் கூடாது. காதில் கடுக்கன் கூடாது. தாடியை எடுக்க வேண்டும். தோல் சின்னம் வைத்த, தொப்பி மாதிரியான புதிய தலைப்பாகையை அணிய வேண்டும். இந்து சிப்பாய், முஸ்லிம் சிப்பாய் இருவரையும் ஒரே உத்தரவு காயப்படுத்தியது. மறுத்தவர்களுக்குச் சவுக்கடி. அதே கோட்டைக்குள்தான் திப்பு சுல்தானின் பிள்ளைகள் சிறைவைக்கப்பட்டிருந்தார்கள். 1806 ஜூலை 9 அன்று திப்புவின் மகள் ஒருவருக்குக் கல்யாணம். மறுநாள் விடிவதற்குள் சிப்பாய்கள் எழுந்தார்கள். 100-க்கும் மேற்பட்ட ஆங்கிலேயப் படையினர் கொல்லப்பட்டார்கள். மைசூரின் புலிக் கொடி ஏறியது. ஆற்காட்டிலிருந்து குதிரைப் படையோடு விரைந்து வந்த கில்லஸ்பி, கயிற்றைப் பிடித்துச் சுவர் ஏறினார். பீரங்கியால் கதவை உடைத்து, அன்றைக்கே கோட்டையைத் திரும்பப் பிடித்தார்கள். சுமார் 100 சிப்பாய்களைச் சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள். 1857-க்கு 51 ஆண்டுகள் முன்பு நடந்தது இது.

கடைசிப் பகுதியைச் சின்னக் குழந்தைகளுக்கு மெதுவாகச் சொல்லலாம். ஆனால் மறைக்க வேண்டாம் என்பது என் கருத்து. “ஒரு தலைப்பாகைக்கா இவ்ளோ சண்டை?” என்று கேட்பார்கள். “உன் பேரையே நாளையிலிருந்து மாத்தச் சொன்னா ஒத்துப்பியா?” என்று திருப்பிக் கேளுங்கள். கலகத்துக்குப் பிறகு அந்தத் தலைப்பாகை உத்தரவு கைவிடப்பட்டது. சென்னை கவர்னர் வில்லியம் பென்டிங்க் திரும்ப அழைக்கப்பட்டார் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

திப்பு மஹால், ஹைதர் மஹால் பகுதியில் காவலர் பயிற்சிப் பள்ளி இருப்பதால், அவற்றை வெளியிலிருந்துதான் பார்க்க முடியும். 1846-ல் கட்டிய செயின்ட் ஜான்ஸ் தேவாலயமும் பழைய மசூதியும் கோட்டைக்குள்ளேயே இருக்கின்றன.

10 மணிக்கு மேல்?

வெயில் ஏறிவிட்டால் கோட்டைக்குள்ளேயே இருக்கும் அரசு அருங்காட்சியகத்துக்குள் போய்விடுங்கள். வெள்ளிக்கிழமை மட்டும் திட்டம் போடாதீர்கள், அன்று விடுமுறை. தாத்தா பாட்டி கூட வந்திருந்தால் அவர்களுக்குக் கோயிலும் மர நிழலும் போதும். மதில் ஏறும் வேலை வேண்டாம். தலைக்கு ஒரு லிட்டர் தண்ணீர், ஓஆர்எஸ் பாக்கெட், பருத்தி உடை, தொப்பி கட்டாயம். குழந்தை திடீரென்று சோர்ந்து உட்கார்ந்தாலோ, தலை வலிக்கிறது, குமட்டுகிறது என்றாலோ, ‘இன்னும் கொஞ்சம்தான்’ என்று இழுக்காமல் நிழலுக்குக் கொண்டுபோய், உடலை ஈரத்துணியால் துடைத்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் கொடுங்கள். உளறினாலோ மயங்கினாலோ வாயில் எதுவும் ஊற்றாமல் உடனே 108.

அதன் பிறகும் தெம்பு இருந்தால், பாலாற்றங்கரையில் முத்து மண்டபம் இருக்கிறது. கண்டியின் கடைசி மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனின் நினைவிடம். ஆங்கிலேயர்கள் அவரை இலங்கையிலிருந்து கொண்டுவந்து இதே கோட்டையில்தான் அடைத்து வைத்தார்கள். 1832-ல் அவர் காலமானார். அல்லது நேராகச் சாப்பாடுதான் என்றால், ஆம்பூர் பிரியாணிக்கு ஊர் தேடிப் போக சுமார் 50 கிலோமீட்டர். ரயிலில் வருகிறவர்கள் காட்பாடியில் இறங்கினால் பஸ், ஆட்டோ இரண்டும் கிடைக்கும். முந்தைய நாள் இரவே வேலூரில் தங்கிவிட்டால் காலை 6.30 மணி சாத்தியம். சென்னையிலிருந்து அன்றே கிளம்புகிறவர்கள் நள்ளிரவு 3 மணிக்குக் குழந்தைகளை எழுப்ப வேண்டியிருக்கும்.